கிளாரன்சூ: ஒரு பழைய கட்டியப் பட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் முடிசூட்டு விழாவோ பாராளுமன்றத் திறப்பு விழாவோ நடக்கும்போது, முன்னும் பின்னும் சிங்கமும் யாழும் இழைத்த அங்கி அணிந்து, சீட்டுக்கட்டு ராஜாக்களைப் போலச் சிலர் அரசருக்கு முன்னே நடந்து போவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அவர்கள் அரசவைக் கட்டியக்காரர்கள். அவர்களில் ஒருவருக்கு உரிய பட்டம்தான் கிளாரன்சூ. பார்ப்பவர்கள் கண்ணில் அந்த அங்கிதான் படுகிறது. அதற்குப் பின்னால் ஒரு பெரிய பதிவேடு இருக்கிறது, அந்தப் பதிவேட்டால்தான் இந்தப் பட்டத்துக்கு மதிப்பு என்பது என் உறுதியான எண்ணம். கீழே உள்ள பதில்களும் பெரும்பாலும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

கிளாரன்சூ என்பது ஆளின் பெயரா, பதவியின் பெயரா?

பதவியின் பெயர். முழுப் பட்டம் கிளாரன்சூ கிங் ஆஃப் ஆர்ம்ஸ். லண்டனில் உள்ள காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸில் நிரந்தர அலுவலர்கள் 13 பேர். மேல்நிலையில் மூன்று கிங் ஆஃப் ஆர்ம்ஸ்: கார்டர், கிளாரன்சூ, 'நாரோய் மற்றும் அல்ஸ்டர்' (இது ஒரே பதவி). அடுத்த நிலையில் ஆறு ஹெரால்டுகள்: விண்ட்சர், யார்க், செஸ்டர், லங்காஸ்டர், ரிச்மண்ட், சாமர்செட். கடைசியில் நான்கு பர்சிவன்டுகள்: ரூஜ் குரோவா, ரூஜ் டிராகன், புளூமேண்டில், போர்ட்கல்லிஸ். இந்த வரிசையில் கிளாரன்சூவுக்கு இரண்டாம் இடம். டிரென்ட் ஆற்றுக்குத் தெற்கே உள்ள இங்கிலாந்து முழுவதும் அவருடைய எல்லை.

பெயரில் காலேஜ் இருந்தாலும் அது பாடம் நடத்தும் கல்லூரி இல்லை. குலச்சின்னங்களையும் வம்சாவளிகளையும் பதிவு செய்து காக்கும் அலுவலகம். மூன்றாம் ரிச்சர்ட் 1484இல் அதற்கு முதல் பட்டயம் கொடுத்தார். மறு ஆண்டே அவர் போர்க்களத்தில் மாண்டார். அடுத்து வந்த ஏழாம் ஹென்றி, கொடுத்த வீட்டைப் பறித்துக்கொண்டார். 1555இல் மேரி அரசி புதிய பட்டயமும் வேறொரு வீடும் கொடுத்த பிறகுதான் அமைப்பு காலூன்றியது.

'கிங்' என்கிறார்களே, அவர் அரசரா?

இல்லை. இடைக்கால ஐரோப்பாவில் ஒரு தொழிற்குழுவின் தலைவரை 'ராஜா' என்று அழைக்கும் வழக்கம் இருந்தது. பாணர்களுக்கு ஒரு ராஜா உண்டு, கட்டியக்காரர்களுக்கும் ஒரு ராஜா உண்டு. அந்த வழக்கில் எஞ்சியதுதான் இந்தப் பட்டம். ஆனாலும் கிங் ஆஃப் ஆர்ம்ஸுக்கு உண்மையான கிரீடமே உண்டு. வெள்ளியில் செய்து பொன்முலாம் பூசியது. உயரம் மாறி மாறி 16 இலைகள். வளையத்தைச் சுற்றி 51ஆம் சங்கீதத்தின் முதல் வரி லத்தீனில் பொறிக்கப்பட்டிருக்கும்: 'இறைவா, உமது பேரிரக்கத்தின்படி எனக்கு இரங்கும்.' முடிசூட்டு விழாவுக்கு மட்டும் உரிய கிரீடம் அது. தலைக்குமேல் மன்னிப்பு வேண்டுதலைச் சுமக்கும் கிரீடம் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது?

இரண்டு விளக்கங்கள் உண்டு. இரண்டும் ஒரே ஊரில் போய் முடிகின்றன. இங்கிலாந்தின் கிழக்கே, சஃபோக் மாவட்டத்தில் கிளேர் என்ற சிற்றூர் இருக்கிறது. நார்மானியர் காலத்தில் அங்கே கோட்டை கட்டி ஆண்ட குடும்பம் ஊரின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டது. டி கிளேர் குடும்பம் பிற்பாடு குளோஸ்டர் பிரபுக்களாகவும் உயர்ந்து, நாட்டின் பெரும் நிலக்கிழார்களில் ஒன்றாக விளங்கியது. 1314இல் பானக்பர்ன் போரில் கில்பர்ட் டி கிளேர் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். சொத்து அவருடைய மூன்று சகோதரிகளுக்குப் பிரிந்தது.

அந்தச் சகோதரிகளில் ஒருத்தி எலிசபெத் டி கிளேர். கேம்பிரிட்ஜின் கிளேர் கல்லூரிக்குக் கொடையளித்துப் பெயரும் கொடுத்தவர் அவரே. அவருடைய பேத்தியும் எலிசபெத்தான். அந்தப் பேத்தியை மூன்றாம் எட்வர்டின் மகன் லயனல் மணந்தார். கிளேர் நிலங்கள் இப்படி அரச குடும்பத்துக்குள் வந்தன. 1362இல் லயனலுக்குக் 'கிளாரன்ஸ் கோமகன்' என்ற புதிய பட்டம் உருவாக்கப்பட்டது. கிளாரன்ஸ் என்ற சொல்லே கிளேர் என்ற ஊர்ப் பெயரிலிருந்து செய்யப்பட்டது.

ஒரு விளக்கம், கிளாரன்சூ என்பது பழைய கிளேர் குடும்பத்து நிலங்களின் பெயரால் வந்த பட்டம் என்கிறது. மற்றொன்று, கிளாரன்ஸ் கோமகனின் வீட்டுக் கட்டியக்காரரே கிளாரன்சூ என்கிறது. 1334ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றில் 'கிளாரன்செல்' என்ற பெயருடைய கட்டியக்காரத் தலைவர் தென்படுவதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அது சரி என்றால், கோமகன் பட்டம் பிறப்பதற்கு 28 ஆண்டுகள் முன்பே இந்தப் பெயர் புழங்கியிருக்கிறது. அதனால் நான் முதல் விளக்கத்தின் பக்கமே சாய்கிறேன். லயனல் 1368இல் இத்தாலியில் இறந்தார். அதன் பின் அதே பட்டத்தைப் பெற்ற தாமஸ், ஐந்தாம் ஹென்றியின் தம்பி, 1421இல் போஜே போரில் கொல்லப்பட்டார். ஜார்ஜ் என்ற இன்னொரு கிளாரன்ஸ் கோமகன் 1478இல் லண்டன் கோபுரத்தில் மரண தண்டனைக்கு ஆளானார். கோமகன்கள் ஒவ்வொருவராய் மறைந்தார்கள். கட்டியக்காரரின் பட்டம் நிலைத்துவிட்டது.

பெரிய பிரபுவின் வீட்டு வேலைக்காரர் எப்படி அரச அலுவலர் ஆனார்?

இடைக்காலத்தில் அரசருக்கு மட்டும் இல்லை, ஒவ்வொரு பெரும் பிரபுவுக்கும் சொந்தக் கட்டியக்காரர் இருந்தார். குதிரைமேல் ஈட்டி ஏந்தி மோதும் வீர விளையாட்டுகளில், தலைக்கவசத்துக்குள் முகம் மறைந்தவர் யார் என்பதைக் கேடயத்தின் ஓவியத்தைக் கொண்டே அடையாளம் சொல்லிப் பெயரைக் கூவுவது அவருடைய வேலை. போர் முடிந்ததும் இறந்து கிடப்பவர்களை அங்கியிலும் கேடயத்திலும் உள்ள சின்னத்தைப் பார்த்து எண்ணிப் பட்டியல் எழுதுவதும் அவரே. அதற்கு நூற்றுக்கணக்கான சின்னங்களை நினைவில் வைத்திருக்க வேண்டும். நினைவு போதாதபோது ஓவியத்தோடு சுருள்களில் எழுதி வைத்தார்கள். பதிவேடு பிறந்தது அப்படித்தான்.

பிரபுக் குடும்பம் அற்றுப்போனாலோ அரச குடும்பத்தோடு இணைந்தாலோ, அதன் கட்டியக்காரரும் அரசரிடம் வந்து சேர்வார். லங்காஸ்டர், ரிச்மண்ட், யார்க் என்ற பெயர்களைப் பார்த்தாலே இது விளங்கும். ஐந்தாம் ஹென்றி 1415இல் கார்டர் பதவியை உருவாக்கி அதை எல்லோருக்கும் மேலே வைத்தார். 1420 ஜனவரி 5 அன்று, பிரான்சின் ரூவான் நகரில் ஆங்கிலக் கட்டியக்காரர்கள் கூடித் தங்களுக்கு ஒரு பொது முத்திரையை வகுத்துக்கொண்டார்கள். கிளாரன்சூ பதவி அந்தக் காலம் முதல் உறுதியாகத் தொடர்ந்து வருகிறது.

எல்லையாக ஏன் டிரென்ட் ஆறு?

இங்கிலாந்தின் அரச நிர்வாகத்தில் வேறு பல பதவிகளும் இந்த ஆற்றை வைத்தே வடக்கு, தெற்கு என்று பிரிக்கப்பட்டிருந்தன. ஆற்றுக்கு வடக்கே இருப்பவர் நாரோய். 'வடக்கின் ராஜா' என்று அதற்குப் பொருள். தெற்கே இருப்பவருக்கு 'சர்ராய்' என்று இணையான பெயர் வந்திருக்கலாம். பழைய குறிப்புகளில் தென்பகுதிக்கு அந்தப் பெயர் தலைகாட்டவும் செய்கிறது. ஆனாலும் தெற்கில் கிளாரன்சூ என்ற பெயரே நிலைத்தது.

கார்டருக்கும் கிளாரன்சூவுக்கும் சண்டை என்கிறார்களே?

உண்மைதான், நெடுங்காலம் நீடித்த சண்டை. கார்டர் அனைவருக்கும் தலைவர், ஆனால் அவருக்கென்று தனி மாகாணம் கிடையாது. கிளாரன்சூவுக்கு மாகாணம் உண்டு, தலைமை கிடையாது. ஒருவருக்குப் புதிதாகக் குலச்சின்னம் வழங்கினால் கட்டணம் வரும். அந்த உரிமை யாருக்கு என்பதில்தான் மோதல். 1530இல் கார்டராக இருந்த தாமஸ் ரையத்ஸ்லிக்கும் கிளாரன்சூவாக இருந்த தாமஸ் பெனோல்ட்டுக்கும் தகராறு முற்றி, எட்டாம் ஹென்றியிடமே போனது. அரசர் பெனோல்ட்டுக்குச் சாதகமாக ஆணை கொடுத்தார். அந்த ஆணையிலிருந்து பிறந்ததுதான் அடுத்த பதிலில் வரும் தணிக்கைப் பயணம்.

பெனோல்ட் சாதாரண ஆள் இல்லை. 1528 ஜனவரி 22 அன்று ஸ்பெயினின் பூர்கோஸ் நகரில், பேரரசர் ஐந்தாம் சார்லஸின் முகத்துக்கு நேரே நின்று இங்கிலாந்தின் சார்பில் போர்ப் பிரகடனம் செய்தவர். பிரான்சின் கட்டியக்காரர் கியென் அவரோடு நின்றார். தூதுவரைத் தொடக் கூடாது என்ற மரபு ஒன்றே இருவருக்கும் பாதுகாப்பு.

தணிக்கைப் பயணம் என்றால் என்ன?

குலச்சின்னத்தை யார் வேண்டுமானாலும் வரைந்து கதவில் மாட்டிக்கொள்ளலாம் என்று விட்டால், பதிவேட்டுக்குப் பொருள் இல்லை. அதனால் கிளாரன்சூவோ அவருடைய பிரதிநிதியோ மாவட்டம் மாவட்டமாகப் போய்ச் சரிபார்க்கும் முறை 1530இல் தொடங்கி 17ஆம் நூற்றாண்டின் இறுதி வரை நடந்தது.

வேலை இப்படி நடக்கும். முதலில் மாவட்ட ஷெரீப்புக்கு ஆணை போகும். தங்களை 'எஸ்கொயர்' என்றும் 'ஜென்டில்மேன்' என்றும் சொல்லிக்கொள்வோரின் பட்டியல் தயாராகும். குறிப்பிட்ட நாளில் ஊர்ச் சத்திரம் ஒன்றில் கிளாரன்சூ வந்து தங்குவார். அழைக்கப்பட்டவர்கள் பழைய பத்திரங்கள், முத்திரை மோதிரங்கள், திருமண ஒப்பந்தங்கள் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு வருவார்கள். எழுத்தர் வம்சாவளியை எழுதுவார், சின்னத்தை வரைவார். குடும்பத் தலைவர் அடியில் கையொப்பம் இடுவார். சான்று காட்ட முடியாதவர், தமக்குச் சின்னத்தில் உரிமை இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அவர்களின் பெயர்கள் சந்தை கூடும் ஊரில் ஊரறிய அறிவிக்கப்படும். உரிமையில்லாத சின்னம் வெள்ளிப் பாத்திரத்தில் இருந்தாலும், ஜன்னல் கண்ணாடியில் இருந்தாலும், கல்லறையில் இருந்தாலும் அதைச் சிதைத்து அழிக்கக் கிளாரன்சூவுக்கு அதிகாரம் இருந்தது. கல்லறைச் சின்னத்தைக்கூட விட்டுவைக்காத அதிகாரம் கொடுமையானது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

எல்லாக் கிளாரன்சூக்களும் ஒரே அக்கறையோடு இதைச் செய்யவில்லை. 1669இல் எட்வர்ட் பிஷ் என்ற கிளாரன்சூ ஆக்ஸ்ஃபோர்டில் கிரவுன் சத்திரத்தில் வந்து உட்கார்ந்தார். அன்று பிராக்லியில் குதிரைப் பந்தயம். கனவான்கள் பலர் பந்தயத்துக்குப் போய்விட்டார்கள். வந்தவர் விரும்பினால் பதிவு செய்தார், விரும்பாதவரை அவர் வற்புறுத்தவும் இல்லை. இது பணம் பறிக்கும் வேலை என்றே ஊர் பேசியதாக, அந்த ஊர்க்காரரான ஆன்டனி வுட் எழுதி வைத்திருக்கிறார். வேலையில் அக்கறை குறைந்தால் ஆவணத்தில் ஓட்டை விழும். பிஷ் காலத்துப் பதிவுகளைப் புரட்டுகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

1688இல் ஆட்சி மாறியபின் புதிய ஆணைகள் வரவில்லை, முறை நின்றுபோனது. எழுதப்பட்ட ஏடுகள் இன்றும் எஞ்சியிருக்கின்றன. பெண்ணின் தந்தை பெயர், இளைய மகன்கள் எந்த ஊருக்குப் போனார்கள், வாரிசில்லாமல் இறந்தவர் யார் என்று, வேறெங்கும் கிடைக்காத விவரங்கள் அவற்றில் உண்டு.

ஷேக்ஸ்பியருக்கும் கிளாரன்சூவுக்கும் என்ன தொடர்பு?

ஒன்றல்ல, இரண்டு கிளாரன்சூக்கள் அந்தக் கதையில் வருகிறார்கள்.

ஷேக்ஸ்பியரின் தந்தை ஜான், ஸ்ட்ராட்ஃபோர்டில் கையுறை தைத்து விற்றவர். 1568இல் ஊரின் நகர்த் தலைவராகவும் ஆனார். தமக்குக் குலச்சின்னம் வேண்டும் என்று அப்போதைய கிளாரன்சூ ராபர்ட் குக்கை அணுகினார். குக் ஒரு காகிதத்தில் மாதிரி வரைந்தும் கொடுத்தார். பின்னர் ஜானின் நிலைமை சரிந்தது, விண்ணப்பம் அப்படியே நின்றது. மகன் லண்டனில் பெயரும் பணமும் சம்பாதித்த பிறகு, 1596 அக்டோபர் 20 அன்று கார்டர் வில்லியம் டெதிக் அந்தச் சின்னத்தை வழங்கினார். அந்த வரைவிலேயே, குக் கையால் வரைந்த 20 ஆண்டுப் பழைய மாதிரியை ஜான் காட்டினார் என்ற குறிப்பு இருக்கிறது.

சின்னம் எளிமையானது. பொன்னிறப் புலத்தில் சாய்வாக ஒரு கருப்புப் பட்டை, பட்டையின்மேல் வெள்ளி முனை கொண்ட பொன் ஈட்டி. உச்சியில் சிறகு விரித்த பருந்து ஈட்டியைப் பற்றி நிற்கும். குறிக்கோள் வாசகம்: 'உரிமை இல்லாமல் இல்லை.'

1602இல் யார்க் ஹெரால்டாக இருந்த ரால்ஃப் புரூக் வெகுண்டார். தகுதியில்லாதவர்களுக்கெல்லாம் சின்னம் வழங்கிவிட்டார்கள் என்று 23 பேரின் பட்டியல் போட்டார். அதில் ஷேக்ஸ்பியரும் ஒருவர். அந்தப் புகாரின் பிற்காலப் பிரதி ஒன்றில் சின்னத்தின் படத்துக்குக் கீழே 'ஷேக்ஸ்பியர், நடிகர்' என்று எழுதியிருக்கிறது. பழைய மாலி பிரபுவின் சின்னத்தை இது அப்படியே ஒத்திருக்கிறது என்பது இன்னொரு குற்றச்சாட்டு. டெதிக்கும் அப்போதைய கிளாரன்சூ வில்லியம் கேம்டனும் சேர்ந்து பதில் எழுதினார்கள்: பட்டைமேல் ஈட்டி இருக்கிறது, அந்த வேறுபாடு போதும், சின்னம் பெற்ற ஜான் ஊரில் நீதி வழங்கிய பதவியில் இருந்தவர், ஆர்டன் குடும்பத்து வாரிசை மணந்தவர், வசதியும் உள்ளவர்.

நடிகன் என்பதற்காக ஒரு குடும்பத்தின் உரிமையை மறுக்காமல், சான்றை மட்டும் பார்த்த அந்தப் பதிலை நான் பெரிதும் மதிக்கிறேன். அந்தச் சின்னம் ஸ்ட்ராட்ஃபோர்டில் ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில், ஷேக்ஸ்பியரின் நினைவுச் சிலைக்கு மேலே இன்றும் இருக்கிறது.

வில்லியம் கேம்டன் யார்? கிளாரன்சூ என்றாலே ஏன் அவர் பெயர் வருகிறது?

கேம்டன் 1551இல் லண்டனில் பிறந்தவர். தந்தை ஓவியர். மகன் வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளி ஆசிரியராகி, 1593இல் தலைமை ஆசிரியராக உயர்ந்தார். நாடகாசிரியர் பென் ஜான்சன் அவருடைய மாணவர். பள்ளி விடுமுறைகளில் ஊர் ஊராக அலைந்து, கல்வெட்டுகளையும் ரோமானிய இடிபாடுகளையும் பார்த்துக் குறிப்பெடுத்தார். அவற்றைக் கொண்டு மாவட்டம் மாவட்டமாக நாட்டை விவரிக்கும் 'பிரிட்டானியா' என்ற பெருநூலை 1586இல் லத்தீனில் வெளியிட்டார்.

1597இல் கிளாரன்சூ பதவி காலியானது. பதவிக்கு வருபவர் முதலில் ஹெரால்டாக இருந்திருக்க வேண்டும் என்ற மரபு. அதற்காகக் கேம்டனை ஒரே ஒரு நாள் ரிச்மண்ட் ஹெரால்டாக வைத்து, மறுநாள் கிளாரன்சூ ஆக்கினார்கள். பல ஆண்டுகள் உள்ளேயே உழைத்து அந்த இடத்தை எதிர்பார்த்திருந்த ரால்ஃப் புரூக்கின் ஆத்திரத்துக்கு இதுவே காரணம். பிரிட்டானியாவில் உள்ள வம்சாவளிப் பிழைகளைப் பட்டியலிட்டு அவர் ஒரு நூலே எழுதினார். புரூக்கின் குணம் எப்படி இருந்தாலும், அவர் சுட்டிய பிழைகளில் சில உண்மையானவை. அவருடைய மனக்குறையிலும் நியாயம் இருந்தது.

ஆனால் கேம்டனின் நியமனம் நல்லதாகவே முடிந்தது. 1623இல் இறக்கும்வரை 26 ஆண்டுகள் பதவியில் இருந்தார். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தாமே போக முடியாதபோது, நம்பகமான இளையவர்களைப் பிரதிநிதிகளாக அனுப்பினார். ஆவணத்தில் இல்லாததை எழுதக் கூடாது என்ற ஒழுக்கத்தை வரலாற்றிலிருந்து எடுத்து வம்சாவளிக்குள் கொண்டுவந்தவர்களில் அவர் முக்கியமானவர். 1605இல் எழுதிய ஒரு நூலில் தம் காலத்தின் மிகச் சிறந்த கவிகளைப் பட்டியலிட்டபோது, ஷேக்ஸ்பியரின் பெயரையும் அதில் சேர்த்தார்.

தூக்கிலிடுபவருக்குச் சின்னம் வழங்கப்பட்ட கதை உண்மையா?

உண்மை. 1616இல் அதே ரால்ஃப் புரூக், அப்போதைய கார்டர் வில்லியம் சீகரை மாட்டிவிட ஒரு பொறி வைத்தார். கிரெகரி பிராண்டன் என்ற கனவானுக்கு என்று சொல்லி ஒரு சின்னத்தை உறுதிப்படுத்தச் செய்தார். சீகர் விசாரிக்காமல் கையொப்பமிட்டுக் கட்டணத்தை வாங்கிக்கொண்டார். பார்த்தால், சின்னம் அரகான் அரசர்களுடையது, பிராண்டன் லண்டன் நகரத்தில் தூக்கிலிடும் தொழில் செய்பவர்! முதலாம் ஜேம்ஸ் இருவரையுமே மார்ஷல்சீ சிறையில் தள்ளினார். பொய் சொன்னவருக்கும் சரிபார்க்காதவருக்கும் ஒரே தண்டனை என்ற தீர்ப்பு எனக்குச் சரியாகவே படுகிறது.

கட்டிடக் கலைஞர் ஜான் வான்பிரா கிளாரன்சூவாக இருந்தாரா?

1704 முதல் இருந்தார். காசில் ஹோவர்ட், பிளென்ஹைம் ஆகிய மாளிகைகளை வடிவமைத்தவரும் நாடகாசிரியருமான வான்பிராவுக்குக் குலச்சின்னக் கலையில் பயிற்சி கிடையாது. காசில் ஹோவர்டின் உரிமையாளரான கார்லைல் பிரபு அப்போது காலேஜுக்குப் பொறுப்பாளராக இருந்தார். அவ்வளவுதான் தகுதி. முந்திய ஆண்டு அவருக்காகவே வழக்கொழிந்திருந்த ஒரு ஹெரால்டு பதவிக்கு உயிர்கொடுத்து, அதன் வழியாக உள்ளே கொண்டுவந்தார்கள்.

இதில் இழந்தவர் கிரெகரி கிங். அவர் லங்காஸ்டர் ஹெரால்டு, பல தணிக்கைப் பயணங்களில் உழைத்தவர். 1688ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மக்கள்தொகையையும் வருமானத்தையும் கணக்கிட்டு, பொருளாதார வரலாற்றில் இன்றும் பேசப்படுபவர். அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய இடம் அது. கேம்டனும் வெளியிலிருந்து வந்தவர்தான், ஆனால் அவர் வேலையைச் செய்தார். வான்பிரா 1706இல் ஹனோவருக்குப் போய், பின்னாளில் இரண்டாம் ஜார்ஜ் ஆன இளவரசருக்கு, இங்கிலாந்தின் உயரிய விருதான கார்டர் விருதின் சின்னங்களை அளித்த குழுவில் இருந்தார். மற்றபடி காலேஜுக்கு அவரால் பெரிய பயன் இல்லை. இறப்பதற்குச் சற்று முன் பதவியை விலைக்குக் கைமாற்றிவிட்டார். விளையாட்டாகக் கிடைத்த இடத்தை நிஜமாகவே விற்றதாக அவரே கடிதம் எழுதியிருக்கிறார். மாளிகைகளுக்காக அவரைப் போற்றலாம், இந்தப் பதவிக்காகப் போற்ற முடியாது.

ஒரு பெண்ணுக்கும் கிளாரன்சூ என்ற பெயர் இருந்ததாமே?

ஆம், சூசன் கிளாரன்சூ. மேரி அரசியின் மிக நெருங்கிய பணிப்பெண், ஆடைப் பொறுப்பாளர். அவருடைய கணவர் தாமஸ் டாங், 1534 முதல் 1536 வரை கிளாரன்சூ. கணவர் இறந்து, பதவி வேறொருவருக்குப் போன பிறகும் அரண்மனையில் எல்லோரும் அவரைக் கிளாரன்சூ என்றே அழைத்தார்கள். ஆவணங்களிலும் அதுவே அவருடைய குடும்பப் பெயராகிவிட்டது.

போர்க்காலத்தில் கிளாரன்சூவுக்கு ஆபத்து வந்ததுண்டா?

உண்டு. 1642இல் முதலாம் சார்லஸுக்கும் பாராளுமன்றத்துக்கும் எட்ஜ்ஹில்லில் போர் நடந்தது. அதன்பின், ஆயுதத்தைக் கீழே வைப்பவர்களுக்கு மன்னிப்பு என்ற அரசரின் அறிக்கையோடு கிளாரன்சூ வில்லியம் லெ நீவ், எதிர்ப்படை தங்கியிருந்த வாரிக்குக்கு அனுப்பப்பட்டார். காவலர்கள் அவருடைய கண்களைக் கட்டித் தளபதி எசெக்ஸ் பிரபுவிடம் அழைத்துப் போனார்கள். வீரர்களிடம் வாய் திறந்தால் உயிர் போகும் என்று எச்சரித்துத் திருப்பி அனுப்பினார் பிரபு. உள்நாட்டுப் போரில் பழைய மரபுகளுக்கு மதிப்பு எவ்வளவு என்பது அன்று தெரிந்தது.

கிளாரன்சூவுக்குச் சொந்தச் சின்னம் உண்டா? சம்பளம் எவ்வளவு?

பதவிக்கான சின்னம் உண்டு: வெள்ளிப் புலத்தில் சிவப்புச் சிலுவை, அதற்கு மேலே சிவப்புப் பட்டையில் முடி தரித்த பொன் சிங்கம். 15ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து சிறு மாற்றங்களோடு இதுவே. விழா அங்கி வெல்வெட்டில் தைக்கப்படும். ஹெரால்டுகளுக்குச் சாட்டின், பர்சிவன்டுகளுக்கு டமாஸ்க் பட்டு.

அரச சம்பளம் ஆண்டுக்கு 20 பவுன் 25 பென்ஸ். அச்சுப் பிழை இல்லை, ஆண்டுக்குத்தான். கார்டருக்கே 49 பவுன் 7 பென்ஸ். வம்சாவளி ஆராய்ச்சி, சின்ன வடிவமைப்பு ஆகியவற்றுக்காகத் தனியே வாங்கும் கட்டணத்தில்தான் இவர்கள் வாழ்க்கை நடக்கிறது.

இன்று கிளாரன்சூ என்ன செய்கிறார்?

புதிய சின்னம் வேண்டுவோர், காலேஜுக்குப் பொறுப்பான ஏர்ல் மார்ஷல் பதவியைப் பரம்பரையாக வகிக்கும் நார்ஃபோக் கோமகனுக்கு விண்ணப்பிப்பார்கள். அவர் அனுமதித்த பின் வடிவம் முடிவாகும். பதிவேட்டில் உள்ள எந்தச் சின்னத்தையும் ஒத்திருக்கக் கூடாது என்பது கட்டாயம். பிறகு கன்றுத்தோலில் கையால் எழுதி, கையால் வண்ணம் தீட்டிய பட்டயம் தயாராகும். டிரென்ட்டுக்குத் தெற்கே வாழ்பவர் என்றால் அதில் கார்டரும் கிளாரன்சூவும் கையொப்பமிட்டு முத்திரை வைப்பார்கள். தனிமனிதர்கள் மட்டும் இல்லை, நகராட்சிகள், பல்கலைக்கழகங்கள், தொழிற்சங்கங்கள்கூடச் சின்னம் பெறுகின்றன. இன்றும் கிடைக்கும் மிகப் பழைய பட்டயம் 1439இல் லண்டன் துணி வணிகர் சங்கத்துக்கு வழங்கப்பட்டது.

என் குடும்பப் பெயருக்கு உரிய சின்னம் என்று கடைகளில் விற்கிறார்களே, அது சரியா?

சரியில்லை. ஆங்கில மரபில் குடும்பப் பெயருக்குச் சின்னம் கிடையாது. பட்டயம் பெற்ற ஒருவருக்கும், சட்டப்படி அவர் வழி வந்தவர்களுக்கும் மட்டுமே அது சொந்தம். ஸ்மித் என்ற பெயருடைய ஒருவருக்கு இருக்கும் சின்னத்தை வேறொரு ஸ்மித் பயன்படுத்த முடியாது. சுற்றுலா ஊர்களில் பெயரைக் கேட்டுக் கோப்பையில் சின்னம் அச்சிட்டுத் தருபவர்கள் விற்பது வெறும் அலங்காரம்.

இதற்கென்று நீதிமன்றமும் உண்டு, கோர்ட் ஆஃப் சிவல்ரி. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கூடாமலிருந்த அந்த மன்றம் 1954இல் கூடியது. மான்செஸ்டர் நகராட்சியின் சின்னத்தை ஓர் அரங்க நிறுவனம் தன் மேடைத் திரைக்கு மேலும் முத்திரையிலும் பயன்படுத்தியது என்பது வழக்கு. நகராட்சி வென்றது.

இந்தியாவில் இப்படிப்பட்ட பட்டம் இருந்ததா?

ஒரே ஒரு விழாவுக்காக இருந்தது. 1911 டிசம்பர் 12 அன்று ஐந்தாம் ஜார்ஜ் நடத்திய டெல்லி தர்பாருக்காக 'டெல்லி ஹெரால்டு' என்ற பதவி உருவாக்கப்பட்டது. படைத்தளபதி வில்லியம் பெய்ட்டன் அந்தப் பொறுப்பை ஏற்றார். அவருக்குத் துணையாகப் பஞ்சாபைச் சேர்ந்த மாலிக் உமர் ஹயாத் கான் இருந்தார். இருவரும் அங்கி அணிந்து பிரகடனம் வாசித்தார்கள்.

அதற்கு முன் 1877இல் டெல்லியில் நடந்த பேரவையில், ராபர்ட் டெய்லர் என்ற வங்காள நிர்வாக அதிகாரி சுதேச மன்னர்களுக்கு ஐரோப்பியக் கேடய வடிவில் சின்னங்கள் வரைந்து பட்டுக் கொடிகளில் ஏற்றினார். தத்தம் கொடியும் முத்திரையும் ஏற்கெனவே கொண்டிருந்த அரச மரபுகளுக்கு வெளியிலிருந்து ஒரு கேடயத்தை மாட்டிவிட்டதை என்னால் ரசிக்க முடியவில்லை.

பழைய பதிவேடுகளைப் பார்க்க முடியுமா?

முடியும். 1666 லண்டன் பெருந்தீயில் காலேஜ் கட்டிடம் எரிந்து போனது. தீ நெருங்குவதற்குள் ஏடுகளை வைட்ஹால் அரண்மனைக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றிவிட்டார்கள். அதே இடத்தில் எழுப்பிய புதுக் கட்டிடம், செயின்ட் பால் பேராலயத்துக்குப் பக்கத்தில் குவீன் விக்டோரியா தெருவில் இருக்கிறது. மூல ஏடுகளில் தேடலைக் காலேஜ் அலுவலர்களே கட்டணம் பெற்றுச் செய்து தருகிறார்கள். தணிக்கைப் பயண ஏடுகளின் பிரதிகள் பல, 1869இல் தொடங்கிய ஹார்லியன் சங்கத்தால் மாவட்ட வாரியாக அச்சிடப்பட்டுள்ளன. அவை பல பெரிய நூலகங்களில் கிடைக்கும். அச்சுப் பதிப்புகளில் பிற்காலத்தவர் சேர்த்த வரிகளும் கலந்திருக்கும். ஆகவே ஒரு பெயரைக் கண்டதும் முடிவுக்கு வராமல், அந்தக் குடும்பத்தின் உயிலையும் தேவாலயப் பதிவேட்டையும் சேர்த்துப் பாருங்கள்.